வேற்றுமுகம் இல்லாத குழந்தை

லண்டனில் இருக்கும் அக்கா மகள் போன மாதம் ஒருநாள் இரவு அழைத்தாள். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு முன் ஓராண்டு வெளியூர், வெளிநாடு என்று சுற்றிவரப் போகிறாள். 'கேப் இயர்' என்று அங்கே அதற்குப் பெயர். "தென்னாப்பிரிக்கா போறேன் சித்தி. மூணு வாரம். ரெண்டு வாரம் ஒரு ஹோம்ல குழந்தைங்களைப் பாத்துக்கணும். மூணாவது வாரம் சிங்கக் குட்டிங்களுக்குப் புட்டிப்பால் குடுக்கணும்" என்றாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். கட்டணம் கூடுதல் என்பதால் சொந்தபந்தங்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டுகிறாளாம். "நீங்க எவ்வளவு தருவீங்க?" என்று உரிமையோடு கேட்டாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவள் அனுப்பிய விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். முதல் படத்தில் ஐரோப்பிய இளம்பெண் ஒருத்தியின் இடுப்பில் ஒரு கறுப்பினக் குழந்தை. அடுத்த படத்தில் அதே வயதுப் பெண் ஒருத்தியின் மடியில் ஒரு சிங்கக் குட்டி. இரண்டு படத்திலும் ஒரே மாதிரிச் சிரிப்பு. எனக்கு இந்தக் காட்சிகள் புதிதில்லை. 2014-ல் ஒரு பயிலரங்குக்காக ஜோகன்னஸ்பர்க் போயிருந்தபோது இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன். பார்த்ததோடு நிற்கவில்லை, நானும் தூக்கிக் கொஞ்சினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏற்பாட்டாளர்கள் எங்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரு வேன் அமர்த்தியிருந்தார்கள். காலையில் நகரத்தின் ஓரத்தில் ஒரு குழந்தைகள் இல்லம், பிற்பகல் ஒரு சிங்கப் பூங்கா என்று திட்டம்.

இல்லத்தின் இரும்புக் கதவு திறந்ததும் குழந்தைகள் ஓடி வந்தார்கள். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி நேராக வந்து என் முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள். என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். தூக்கிக்கொண்டேன். தோளில் தலை சாய்த்து, என் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் இறங்கவே இல்லை. எனக்கு மனசு உருகிப்போயிற்று. கடல் கடந்து வந்த இடத்தில் ஒரு குழந்தைக்கு என்னைப் பிடித்துவிட்டது என்றே நம்பினேன். புறப்படும் நேரம் வந்தது. வீறிட்டு அழப்போகிறாளே என்று பயந்துகொண்டே இறக்கிவிட்டேன். அவள் அழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஓடினாள். அதேபோல் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதேபோல் இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"எவ்வளவு சமர்த்தான குழந்தை, எல்லாரிடமும் ஒட்டிக்கொள்கிறது" என்று வேனில் பேசிக்கொண்டு வந்தோம்.

நம் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை அப்படிச் செய்யுமா? எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தைக்கு வேற்றுமுகம் வந்துவிடுகிறது. அதுவரை யார் கைக்கும் தாவிக்கொண்டிருந்த பிள்ளை, ஊரிலிருந்து ஆசையாகப் பார்க்க வந்த தாத்தாவைக் கண்டு அலறும். "வேத்துமுகம் வந்திருச்சு, ரெண்டு நாள் போனா சரியாயிரும்" என்பார் பாட்டி. தாத்தாவுக்கு உள்ளூர வருத்தம் இருந்தாலும் அது நல்ல சேதி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தன் ஆள் யார், அயலாள் யார் என்று பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது. அழுதால் ஓடி வருகிற முகம் இன்னது என்று அதற்கு நிச்சயமாகிவிட்டது. அந்த நிச்சயம் இருப்பதால்தான் மற்ற முகங்களைக் கண்டு மிரளுகிறது. விருந்தாளி வந்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கிற பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

மஞ்சள் ஸ்வெட்டர் சிறுமிக்கு வேற்றுமுகம் இல்லை. வாரத்துக்கு வாரம் புதிய கைகள் வந்து தூக்கிப் போகும் இடத்தில் எல்லா முகமும் வேற்றுமுகம்தான். அவள் எந்த முகத்துக்கு மிரளுவாள்?

ஊர் திரும்பிய பிறகு தேடிப் படித்தபோதுதான் இதற்கு ஆய்வுலகில் பெயரே இருப்பது தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் மனித அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றிய உளவியலாளர் லிண்டா ரிக்டர், ஏமி நார்மனுடன் சேர்ந்து 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பொருள், எய்ட்ஸ் அநாதைச் சுற்றுலா. இல்லங்களில் வளரும் சிறு குழந்தைகள் முன்பின் தெரியாதவர்களிடம் காட்டும் அளவுமீறிய ஒட்டுதலை அன்பென்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது நிலையான அரவணைப்பு கிடைக்காததன் அறிகுறி என்று அவர்கள் எழுதினார்கள். தன்னார்வலர் வருகிறார், குழந்தையோடு நெருங்குகிறார், இரண்டு வாரத்தில் போய்விடுகிறார். ஏற்கெனவே பெற்றவர்களைப் பிரிந்த குழந்தைக்கு அது இன்னொரு பிரிவு. அடுத்த இரண்டு வாரத்தில் மற்றொரு பிரிவு. இப்படி ஓராண்டில் எத்தனை!

ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி 1989-ல் கவிழ்ந்தபோது அங்கே அரசு இல்லங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பிறகு புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சார்ல்ஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா ஆகியோர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும் பேச்சிலும் உறவிலும் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் மிக நன்றாகத் தேறினார்கள். இல்லத்தில் சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லாவிட்டாலும், ஒரே முகம் திரும்பத் திரும்ப வரவில்லையென்றால் பிள்ளையின் வளர்ச்சியே தடைபடும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

'அந்தப் பிள்ளைகளுக்குத்தான் யாருமே இல்லையே, வருகிறவர்களாவது அன்பு காட்டட்டுமே' என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். 'யாருமே இல்லை' என்பதுதான் பெரும்பாலும் பொய். தமிழில் அநாதை என்றால் நாதியற்ற பிள்ளை. அம்மா இருக்கிற பிள்ளையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொன்னால் அந்த அம்மா சும்மா விடமாட்டாள். ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப்பின் கணக்கு வேறு. தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்திருந்தாலும் அந்தக் கணக்கில் அது அநாதைக் குழந்தை. 2015-ல் உலகில் ஏறத்தாழ 14 கோடி அநாதைக் குழந்தைகள் என்று அது மதிப்பிட்டது. அதில் இருவரையும் இழந்தவர்கள் 1.51 கோடி. மிச்சமுள்ள பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தாயோ தந்தையோ இருக்கிறார். இருவரையும் இழந்தவர்களிலும் பெரும்பாலோருக்குப் பாட்டியோ அத்தையோ மூத்த அக்காவோ உண்டு. விளம்பரங்களில் 14 கோடி மட்டும் வரும். பாட்டி வரமாட்டார்.

தென்னாப்பிரிக்காவின் கதையே பாட்டிகளின் கதைதான். எய்ட்ஸ் கொள்ளை நோயாகப் பரவிய காலத்தில், அதன் காரணத்தையே சந்தேகித்த அதிபர் தாபோ இம்பெக்கியின் அரசு மருந்து கொடுக்கத் தாமதித்தது. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாகத் தொடங்கியது 2004-ல். அந்தத் தாமதத்தால் 3.3 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகுட்டி உள்ள வயதுக்காரர்கள். பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தவர்கள் பாட்டிகள். சூலு மொழியில் பாட்டிக்கு 'கோகோ' என்று பெயர். ஒரே தகரக் குடிசையில் நான்கு மகள்களின் பிள்ளைகளை வைத்து வளர்த்த கோகோக்கள் உண்டு. 1998-ல் மாதம் 100 ராண்டாகத் தொடங்கிய அரசின் குழந்தை உதவித்தொகை 2025-ல் 560 ராண்ட் ஆனது. இன்று 1.3 கோடிப் பிள்ளைகள் அதைப் பெறுகிறார்கள். அந்தப் பணத்தை நம்பித்தான் பல கோகோக்கள் அடுப்பு மூட்டுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பாட்டியிடம் யாரோ வந்து, "எங்கள் இல்லத்தில் விடுங்கள், மூன்று வேளைச் சாப்பாடு, ஆங்கிலப் பள்ளி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து விளையாடுவார்கள்" என்றால் அவர் என்ன செய்வார்? கம்போடியாவில் இதுதான் நடந்தது. அங்கே போல் போட் ஆட்சி 1979-ல் முடிந்தது. அந்த ஆட்சியில் பெற்றோரை இழந்த குழந்தைகள் எல்லாம் எப்போதோ வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். ஆனாலும் 2005-ஐ அடுத்த ஐந்தாண்டுகளில் குழந்தை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. கூடியது அநாதைகளின் எண்ணிக்கை அன்று. அங்கோர் கோயிலைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்று 2011-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் இல்லை என்று யுனிசெஃப்பும் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பும் அங்கே பிரசாரம் நடத்த வேண்டியதாயிற்று. பார்க்க ஆள் வருவதால் இல்லம் முளைக்கிறது. இல்லத்தை நிரப்பப் பிள்ளை தேவைப்படுகிறது. பிள்ளையைக் கொடுக்க ஓர் ஏழைத் தாய் கிடைக்கிறாள்.

ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-ல் இதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே பதிவு செய்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இல்லச் சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகலுக்கு வருகிறேன்.

சிங்கப் பூங்காவில் குட்டிகளைத் தொடுவதற்குத் தனிச் சீட்டு. கையில் கிருமிநாசினி ஊற்றினார்கள். கம்பி வேலிக்குள் மரநிழலில் மூன்று குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஆறேழு பேராக உள்ளே விட்டார்கள், ஐந்து நிமிடம் கணக்கு. பஞ்சு போல இருக்கும் என்று நினைத்துத் தடவினேன். தேங்காய் நார் போலச் சொரசொரப்பாக இருந்தது. படம் எடுப்பதற்காகப் பூங்கா ஊழியர் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றைத் தூக்கி என் மடியில் வைத்தார். கண்ணைத் திறக்க முடியாமல் திறந்தது. என் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டு சப்பத் தொடங்கியது. பால் இல்லை என்று தெரிந்தும் விடவில்லை. "தாய் ஒதுக்கிவிட்டது. நாங்கள்தான் வளர்க்கிறோம். பெரிதானதும் காட்டில் விட்டுவிடுவோம்" என்றார் ஊழியர். வெளியே வரும்போது அடுத்த குழு வரிசையில் நின்றது. அதே குட்டியை அதே மாதிரி எழுப்பினார்கள். ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்க வேண்டிய வயது அதற்கு.

மூன்று குட்டிகளின் தாய்களும் ஒரே சமயத்தில் ஒதுக்கிவிட்டனவா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எந்தக் காட்டில் விடுவீர்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

காட்டில் ஒரு பெண் சிங்கம் ஈன்றால் அந்தக் குட்டிகள் வளர்ந்து ஆளாகும்வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், மறுபடி ஈனுவதில்லை. குட்டிகளை இழந்துவிட்டால் சில வாரங்களிலேயே அடுத்த சினைக்குத் தயாராகிவிடும். சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. பண்ணைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பிறந்த சில நாள்களில் குட்டிகளை எடுத்துவிட்டால் தாய் மறுபடி மறுபடி ஈனும். குட்டியைச் சில மாதங்கள்தான் மடியில் வைக்க முடியும். நகமும் பல்லும் வளர்ந்த பிறகு சுற்றுலாப் பயணிகளோடு 'சிங்க நடை' போகவிடுவார்கள். அதன் பிறகு யாரும் கிட்டே நெருங்க முடியாது. ஆண்டு முழுக்கக் குட்டி காட்ட வேண்டுமென்றால் ஆண்டு முழுக்கக் குட்டி பிறந்துகொண்டே இருக்க வேண்டும். வளர்ந்தவை எங்கே போகும்?

1997-ல் பிரிட்டன் தொலைக்காட்சியின் 'குக் ரிப்போர்ட்' நிகழ்ச்சி அதைப் படமெடுத்துக் காட்டியது. வேலியடைத்த நிலத்துக்குள் சிங்கத்தை விட்டு, பணம் கட்டியவரைக் கூட்டிவந்து சுடவைக்கிறார்கள். இரை ஓடித் தப்ப வழியில்லாத வேட்டை. 2015-ல் 'பிளட் லயன்ஸ்' ஆவணப்படம் டர்பன் திரைப்பட விழாவில் வெளியானபோது, புட்டிப்பால் கொடுக்கவரும் இளம் தன்னார்வலர்களையும் இந்தத் துப்பாக்கியையும் இணைக்கும் கண்ணி வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே, பண்ணையில் வளர்த்துச் சுட்ட சிங்கத்தின் தலையையும் தோலையும் நாட்டுக்குள் கொண்டுவர அமெரிக்கா தடை போட்டது. எலும்புக்குத் தனிச் சந்தை. தென்கிழக்கு ஆசியாவில் புலி எலும்புக்குப் பதிலாகச் சிங்க எலும்பு விலைபோகிறது. 2017-ல் 800 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்யத் தென்னாப்பிரிக்க அரசே அனுமதித்தது. 2018-ல் அதை 1,500 ஆக்கியது. விலங்கு வதைத் தடுப்பு அமைப்பு தொடுத்த வழக்கில், விலங்குகளின் நலனைக் கருதாமல் போட்ட அந்த ஒதுக்கீடுகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது.

காட்டில் விடுவது என்பது வெறும் பேச்சு. கையில் வளர்ந்த சிங்கத்துக்கு மனிதர்களிடம் பயமில்லை. வேன் சத்தம் கேட்டால் சாப்பாடு வருகிறது என்று வேலிப்பக்கம் வந்து நிற்கும். சுட வந்தவர் இறங்கும்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். சிங்கங்கள் இல்லாமல் போன காட்டில் மறுபடி சிங்கங்களை விட வேண்டியிருந்தால், அறிந்தவர்கள் பண்ணைப் பக்கமே போவதில்லை. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் சிங்கம் அற்றுப்போயிற்று. 2015-ல் அகாகெரா தேசியப் பூங்காவுக்கு ஏழு சிங்கங்களை விமானத்தில் கொண்டுவந்தார்கள். அவை தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் காப்புக்காடுகளில் வேட்டையாடி வளர்ந்தவை. யார் மடியிலும் புட்டிப்பால் குடித்தவை இல்லை.

தென்னாப்பிரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் ஏறத்தாழ 8,000 சிங்கங்கள் அடைபட்டிருக்கின்றன. அந்த நாட்டின் காடுகளில் இருப்பவை அதில் பாதிகூட இல்லை. 2021 மே மாதம் சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா கிரீசி நிபுணர் குழு அறிக்கையை வெளியிட்டு, இந்தத் தொழிலையும் குட்டிகளைத் தொட்டுக் கொஞ்சும் வழக்கத்தையும் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். 2024-ல் அமைச்சரவையும் ஒப்புதல் தந்தது. கூண்டுகள் அதனால் உடனே காலியாகிவிடவில்லை. சீட்டு வாங்க ஆள் இருக்கும்வரை எளிதில் காலியாகவும் போவதில்லை.

குழந்தையையும் விலங்கையும் ஒப்பிடுவதா என்று சிலருக்குக் கோபம் வரலாம். ஒப்பிட்டது நான் இல்லை. ஒரே விளம்பரத்தில், ஒரே கட்டணத்தில், அடுத்தடுத்த படத்தில் அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் தாயிடமிருந்து பிரித்தால்தான் வியாபாரம். இரண்டு இடத்திலும் 'தாய் இல்லை' என்பதே முதலில் சொல்லப்படும் கதை. அந்நியரைக் கண்டால் மிரண்டு தன் ஆளிடம் ஓடுகிற இயல்பு குழந்தைக்கும் குட்டிக்கும் பிறவிக் காப்பு. அந்தக் காப்பைக் கழற்றிவிட்டுத்தான் நம் மடியில் வைக்கிறார்கள்.

என் அக்கா மகளின் மனசில் கள்ளமில்லை. பதினெட்டு வயதில் கடற்கரைக்குப் போகாமல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்கிற பெண்ணை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவளிடம் ஒன்று கேட்டேன். "உங்க தெருவுல இருக்கிற நர்சரிக்குள்ள நாளைக்குக் காலையில போய் ஒரு குழந்தையைத் தூக்கிப் படம் எடுக்க விடுவாங்களா?" விடமாட்டார்கள் என்று உடனே சொன்னாள். பிரிட்டனில் குழந்தைகளோடு வேலை செய்ய வேண்டுமென்றால் குற்றப் பின்னணிச் சோதனை முடிய வேண்டும். பெற்றோர் அனுமதியில்லாமல் படமெடுத்தால் பெரிய விவகாரமாகும். தென்னாப்பிரிக்காவிலும் சட்டம் இல்லாமலில்லை. 2005-ல் இயற்றிய குழந்தைகள் சட்டப்படி இல்லங்கள் பதிவு பெற வேண்டும். குழந்தைகளோடு பணியாற்றுகிறவர் பெயர் பாதுகாப்புப் பதிவேட்டின் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேனிலிருந்து இறங்கிய எங்கள் பன்னிரண்டு பேரிடம் அன்று பெயரைக்கூட யாரும் எழுதி வாங்கவில்லை. எங்களில் ஒருவர் கெட்ட எண்ணத்தோடு வந்திருந்தால் அந்த மஞ்சள் ஸ்வெட்டர் சிறுமி அவரிடமும் இரண்டு கைகளையும் தூக்கியிருப்பாள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வேலை தேடுகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. பிள்ளை வளர்க்கத் தெரிந்த, அந்த ஊர் மொழி பேசுகிற பெண்கள் அதே தெருவில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பணமும் கொடுத்து வேலையும் செய்ய வெளிநாட்டிலிருந்து ஆள் வரும்போது அவர்களைச் சம்பளத்துக்கு எதற்குக் கூப்பிடுவார்கள்? கோசா மொழியில் அழுகிற பிள்ளைக்கு இங்கிலீஷில் சமாதானம் சொல்லும் பெண் இரண்டு வாரம் இருந்து என்ன செய்துவிட முடியும்?

நல்ல வழி அந்த மண்ணிலேயே இருக்கிறது. 'இசிபிண்டி' என்று ஒரு திட்டம். சூலுவில் துணிச்சல் என்று பொருள். குழந்தைப் பராமரிப்புப் பணியாளர்களின் தேசியச் சங்கம் உருவாக்கியது. 2013-ல் அரசு நாடெங்கும் விரிவாக்கத் தொடங்கியது. அந்தப் பகுதியிலேயே வேலையில்லாமல் இருக்கும் ஆண்களையும் பெண்களையும் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு வைக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளை இல்லத்துக்குக் கொண்டுபோவதில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போகிறார்கள். காலையில் பள்ளிக்குக் கிளப்புவதற்கும் மாலையில் வீட்டுப்பாடத்துக்கும் துணை நிற்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் உதவித்தொகை கிடைக்காத பாட்டியைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். சின்னவர்களை வளர்க்கும் பதினாறு வயது அக்காளிடம் உட்கார்ந்து அவள் கவலையைக் கேட்கிறார்கள். நாளைக்கும் அதே ஆள்தான் வருவார். அடுத்த மாதமும் அவர்தான். இதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. அதனால்தான் இது விளம்பரத்தில் வருவதில்லை.

போகவே கூடாதா என்றால், போகலாம். மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர் போன்றவர்கள் போய் உள்ளூர்ப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தால் அந்தப் படிப்பு அங்கேயே தங்கும். மற்றவர்கள் சுற்றுலாப் பயணியாகவே போகட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரர் விடுதியில் தங்கி, உள்ளூர்க்காரர் கடையில் சாப்பிட்டால் அந்தப் பணம் ஒரு தாயின் கைக்குப் போக வழியுண்டு.

நம் ஊர்ப் பிறந்தநாள் வழக்கத்தையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கைதட்டிப் பாடவைத்து, கேக் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். சாப்பாடு தருவது நல்ல காரியம். அதைச் சமையலறையில் கொடுத்துவிட்டு வந்தால் போதாதா? நாம் யாரென்றே தெரியாத பிள்ளை நமக்காக எதற்குப் பாட வேண்டும்?

2014 பயணத்தின் கடைசி மூன்று நாள் குரூகர் தேசியப் பூங்காவில் கழிந்தது. 1926-ல் தேசியப் பூங்காவான இடம். பரப்பளவு ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அனுமதித்த இடங்கள் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. கதவு சாத்தும் நேரத்துக்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். சிங்கம் தெரியும் என்று யாரும் உறுதி தருவதில்லை. இரண்டு நாள் எங்களுக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை சதாரா முகாமுக்குத் தெற்கே, வறண்ட ஓடைக் கரையில் ஒரு பெண் சிங்கம் நடந்துபோனது. குட்டியின் பிடரியை வாயில் கவ்வியிருந்தது. நாங்கள் பார்த்தது முப்பது நொடிகூட இருக்காது. முட்புதருக்குள் குட்டியைக் கொண்டுபோய்விட்டது. ஈன்ற பிறகு ஆறேழு வாரம் தன் கூட்டத்தின் கண்ணிலிருந்துகூடக் குட்டியை மறைத்து வைக்கும் தாய் அது. காரில் யாரும் பேசவில்லை. நான் கேமராவை எடுக்கவே மறந்துபோயிருந்தேன்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் இரண்டு இரவு பேசினேன். முதல் இரவு கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். இரண்டாம் இரவு, முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு மாதிரிப் போகிறேன் என்றாள். குரூகருக்குப் போகும் செலவில் ஒரு பங்கு நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

லண்டனிலும் டொரண்டோவிலும் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் நல்ல மனசோடு இப்படி ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். திட்டாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன், அந்த நிறுவனத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். குழந்தையின் படத்தைக் காட்டியும் கேட்கலாம், குட்டியின் படத்தைக் காட்டியும் கேட்கலாம்: "இதன் தாய் எங்கே?" பதில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.